விதைத்த கை யார் கை?

வரலாற்று வகுப்பு. கடல் கடந்து வந்த பயிர்களைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கு நம் மண்ணில் பிறந்ததன்று. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில் பிறந்தது. ஐரோப்பியர் கப்பலேறி உலகெங்கும் பரவியது என்று சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். நீலமலைச் சிற்றூர் ஒன்றில் சிறு உழவர் குடும்பத்தில் பிறந்தவன். படிப்பிற்காக உறவினர் வீட்டில் தங்கிச் சமவெளியில் வாழ்பவன்.

“ஐயா, எங்கள் பாட்டனார் கிழங்கு போட்டார். பிறகு கிழங்கை விட்டுத் தேயிலை நட்டார். அப்பா தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார். மூன்றிலும் மிஞ்சியது கடன்தான் என்று பாட்டி சொல்லுவார்கள். நான் என்ன போடுவது?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பானிப்பட்டில் மூன்று போர்கள் நடந்தன. அவற்றின் ஆண்டுகளை என் மாணவர்கள் உறக்கத்திலும் ஒப்பிப்பார்கள். ஒரு குடும்பத்தின் ஒன்றரை ஏக்கரிலும் மூன்று போர்கள் நடந்திருக்கின்றன. அவற்றை எந்தப் பாடநூலிலும் காணோம்! மன்னனின் மணிமுடி மாறினால் அது வரலாறு. உழவனின் மண்ணில் பயிர் மாறினால் அது வரலாறு ஆகாதா?

“ஒரே பயிரைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? பல பயிர் இட்டால் பிழைத்துப் போகலாமே!” என்று உழவனைப் பார்த்து அறிவுரை கூறுவோர் உண்டு. கேட்க இனிமையான அறிவுரை. ஆனால் அதனுள்ளே ஒரு பழிச்சொல் பதுங்கியிருக்கிறது. உழவன் அறியாதவன், அதனால் அழிகிறான் என்பதே அப்பழி. “எல்லாம் அவன் தலையெழுத்து” என்று பெருமூச்சு விடுவோரும் உண்டு. அறியாமை என்பதும் பொய். தலையெழுத்து என்பதும் பொய். இரண்டிற்கும் மறுப்பாக நீலமலையின் இருநூறு ஆண்டு வரலாறு நம் கண்முன் நிற்கிறது.

கேழ்வரகும் சாமையும்

வெள்ளையர் வருமுன் நீலமலையில் படகர் குடியினர் கேழ்வரகும் சாமையும் விதைத்தனர். ஓரிடத்தில் விதைத்து, அந்நிலம் களைத்ததும் அதனை ஓய்வில் விட்டு, அடுத்த நிலத்தை உழுதனர். விளைந்த தானியத்தில் ஒரு பங்கு மலையில் வாழ்ந்த பிற குடிகளுக்குப் போயிற்று. கோத்தர் இரும்புக் கருவியும் மண்கலமும் செய்து தந்தனர். தொதவர் எருமை வளர்த்து நெய் தந்தனர். குறும்பர் காட்டுப் பொருள்களைத் தந்தனர். நாணயம் அதிகம் புழங்காத அம்மலையில் தானியமே நாணயமாக இருந்தது.

அதனைப் பொற்காலம் என்று பாட நான் முன்வரவில்லை. மழை பொய்த்தால் அங்கும் வயிறு காய்ந்தது. குடிகளுக்குள் உயர்வு தாழ்வும் இருந்தது. வயல் வேலையில் பெரும்பகுதி பெண்களின் தோளில் விழுந்திருந்தது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற வெள்ளையரே குறித்து வைத்திருக்கின்றனர். எனினும் ஒன்றை மறுக்க முடியாது. எதை விதைப்பது என்ற வினாவிற்கு அன்று வயிறு விடை சொன்னது. மண் விடை சொன்னது. மழை விடை சொன்னது. மலைக்குக் கீழே இருந்த எவனும் விடை சொல்லவில்லை.

வெள்ளையர் தட்டுக்காக

திப்பு சுல்தான் வீழ்ந்த 1799ஆம் ஆண்டில் நீலமலை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு மலையேறினார். குளிர் அவரைக் கவர்ந்தது. கோத்தகிரிப் பக்கத்தில் வீடு கட்டினார். பின்னர் உதகையில் கல் மாளிகை எழுப்பினார். தம் நாட்டுக் காய்கறி விதைகளையும் கிழங்குகளையும் கொணர்ந்து மலை மண்ணில் ஊன்றச் செய்தார். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மலையேறிய கதை இதுதான்.

ஏன் ஏறின? மலைமக்கள் பசித்துக் கிடந்தனர் என்றா? இல்லை. உதகைக்கு ஓய்வெடுக்க வந்த ஐரோப்பியருக்கு ஊர்க் காய்கறி வேண்டியிருந்தது. 1845 அளவில் உதகைவாழ் ஐரோப்பியர் மாதச் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் ஒன்றை நடத்தினர். இன்று மலர்க்காட்சிக்காக மக்கள் திரளும் அரசினர் தாவரவியல் பூங்காவின் தொடக்கம் அந்தக் காய்கறித் தோட்டந்தான்! ரோசாவிற்கு முன்னே அங்கு வேரூன்றியது கோசு என்பதைச் சுற்றுலா செல்வோர் எத்தனை பேர் அறிவர்?

ஆக, புதுப்பயிருக்கு முதற் காரணம் வாங்குவோன். இரண்டாம் காரணம் வழி. பட்டாளமும் பாதையும் வந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் புகைவண்டி ஏறியது. 1908இல் அது உதகையைத் தொட்டது. அதுவரை தலைச்சுமையிலும் மாட்டின் முதுகிலும் இறங்கிய கிழங்கு, மூட்டை மூட்டையாய் இறங்கிற்று. வெள்ளைக்காரத் துரைக்கு விளைந்த கிழங்கு சமவெளித் தமிழனின் குழம்புக்கும் வந்து சேர்ந்தது. கேழ்வரகு விளைந்த நிலம் படிப்படியாய்க் கிழங்கு நிலமாயிற்று. தின்பதற்கு விதைத்தவன் விற்பதற்கு விதைக்கத் தொடங்கினான். விற்பதற்கு விதைப்பவன் விலைக்குக் கட்டுப்பட்டவன். அன்று அவன் கழுத்தில் விழுந்த கயிறு இன்றுவரை அவிழவில்லை.

அயர்லாந்தின் பாடம்

இங்கே சற்றுக் கடல் கடந்து செல்வோம். நீலமலையில் கிழங்கு வேரூன்றிக்கொண்டிருந்த அதே காலத்தில் அயர்லாந்தில் கிழங்கு அழுகியது. 1845ஆம் ஆண்டு இலைக்கருகல் நோய் அந்நாட்டு வயல்களில் புகுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் பிணியாலும் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர்.

அயர்லாந்து உழவன் கிழங்கொன்றையே நம்பியது மடமையாலா? அன்று! நிலம் பெருநிலக்கிழாருடையது. குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்ப வல்லது கிழங்கு ஒன்றே. அதே நாட்டில் தானியமும் விளைந்தது, கால்நடையும் வளர்ந்தது. அவை குத்தகையைத் தீர்க்கவே போயின. பஞ்சத்தின் நடுவிலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து உணவுப்பொருள் கப்பலேறியது என்பது உலகறிந்த செய்தி. நோய் கிழங்கைக் கொன்றது. நிலமுறை மனிதனைக் கொன்றது. ஒரே பயிர் என்பது உழவன் தேர்ந்த வழியன்று. அவன் தள்ளப்பட்ட மூலை.

அதே இலைக்கருகல் நோய் 1870க்கும் 1880க்கும் இடையில் இந்தியாவில் முதன்முதலாகத் தலைகாட்டியது. தலைகாட்டிய இடம் நீலமலை. ஆனால் அயர்லாந்துச் சாவு அங்கு நிகழவில்லை. நிலத்துக்குப் பட்டா உழவன் கையிலிருந்தது. கிழங்கு போனாலும் பக்கத்து வயலில் கேழ்வரகு இருந்தது. கூலிக்குத் தோட்டங்கள் இருந்தன. பல பயிரின் பயன் என்ன என்று கேட்போர் இவ்விரண்டு நாடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

ஏலமும் கூட்டுறவும்

மலையிலே விளைச்சல், மலையடியிலே விலை. மேட்டுப்பாளையம் மண்டியில் கிழங்கு மூட்டை இறங்கும்போது அதன் விலையைச் சொன்னவன் அதை விளைத்தவன் அல்லன். விதைக்கும் எருவுக்கும் முன்பணம் கொடுத்தவனிடமே விளைச்சலைக் கொட்ட வேண்டிய நிலை. எடையில் ஒரு பிடித்தம், தரகில் ஒரு பிடித்தம், வட்டியில் ஒரு பிடித்தம். வீடு திரும்பும் உழவனின் மடியில் மிஞ்சியது எவ்வளவு? முன்பணம் கொடுத்தவன் கிழங்கு வேண்டும் என்றால் கிழங்குதான் போட வேண்டும். பயிரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கடன்சீட்டோடு சேர்ந்து கைமாறியது.

இந்த நிலையை மாற்ற ஒரு முயற்சி 1935ஆம் ஆண்டில் எழுந்தது. படகர் சமுதாயத்தின் தலைவர்களுள் ஒருவரான எச். பி. ஆரி கவுடர் முன்னின்று நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நிறுவினார். உழவரின் கிழங்கைச் சங்கமே மேட்டுப்பாளையத்தில் ஏலம் விட்டது. ஒற்றை உழவனாய்ச் சென்றபோது கெஞ்ச வேண்டியிருந்த இடத்தில் சங்கமாய்ச் சென்றபோது கேட்க முடிந்தது. மூட்டை அதே மூட்டை; கிழங்கு அதே கிழங்கு. மாறியது விற்பவனின் நிலை!

புழு போட்ட பூட்டு

பின்னர் வந்தது மண்ணுக்குள்ளிருந்து ஓர் எதிரி. 1961ஆம் ஆண்டில் ஜோன்ஸ் என்ற ஆங்கில அறிவியலாளர் உதகையில் கிழங்கு நிலமொன்றில் முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பதைக் கண்டறிந்தார். கண்ணுக்குத் தெரியாத அளவிற் சிறிய புழு. பெண்புழு சாகும்போது அதன் உடலே முட்டைகளைக் காக்கும் கூடாகிவிடுகிறது. ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். கிழங்கு நடாவிட்டாலும் அந்த முட்டைகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு காத்துக் கிடக்கும். கிழங்கின் வேர் மணம் பட்டதும் விழித்துக்கொள்ளும்.

“செய்வினை வைத்துவிட்டார்கள், மண்ணின் தெய்வம் கோபித்துக்கொண்டது” என்று சொல்லி மந்திரக் கயிறு கட்டியிருந்தால் புழு செத்திருக்குமா? நுண்ணோக்கியின் வழியே பார்த்த அறிவுதான் வழியும் சொன்னது. அவ்வழி என்ன தெரியுமா? பயிரை மாற்று! கோசு, கேரட், முள்ளங்கி, பூண்டு, பீன்ஸ் ஆகியவற்றின் வேரில் அப்புழு வாழாது. கிழங்கிட்ட நிலத்தில் இவற்றை மாற்றி மாற்றி இட்டால் புழுவின் தொகை குறையும். ஆக, மலையின் காய்கறி வகைகள் பெருகியதற்கு ஒரு புழுவும் காரணம்.

1971ஆம் ஆண்டு நீலகிரியின் விதைக்கிழங்கு வெளியே செல்வதற்கு அரசு தடை விதித்தது. மற்ற மாநிலங்களுக்குப் புழு பரவாமலிருக்க அத்தடை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் விதைக்கிழங்கு விற்று வாழ்ந்தவனுக்கு அது மூடப்பட்ட கதவு. புழுவை எதிர்க்கும் குப்ரி சுவர்ணா என்ற வகை 1985இல் வெளிவந்தது. பூட்டுக்கும் சாவிக்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள்! அந்தப் பதினான்கு ஆண்டுகளில் சிறு உழவன் என்ன செய்வான்? என் மாணவனின் பாட்டனார் செய்ததைத்தான் செய்வான்.

தேயிலை தந்த நிழல்

அவர் தேயிலை நட்டார். ஏன் நட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். கிழங்கு நோயில் விழுந்திருந்தது. தேயிலைக்கோ பதினைந்து நாளுக்கொரு முறை பறிப்பு உண்டு. பறித்தால் பணம் உண்டு. காட்டுப்பன்றி தேயிலையைத் தின்னாது. சரிவு நிலத்தில் வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சிறு உழவரின் இலையை வாங்கிப் பதப்படுத்தக் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் எழுந்தன. குந்தாவில் 1962இல் ஒன்று தொடங்கியது. அத்தகைய தொழிற்சாலைகளுக்கெல்லாம் தலைமைச் சங்கமாக 1965இல் இன்ட்கோசர்வ் அமைந்தது. சோவியத் நாடு தென்னிந்தியத் தேயிலையை அள்ளி வாங்கியது. இத்தனையும் ஒன்றுசேர்ந்து அழைக்கும்போது எந்த உழவன் மறுப்பான்? அவர் செய்தது அறிவுள்ளவன் செய்யும் செயல்.

ஆனால் தேயிலைக்கும் காய்கறிக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. கேரட் மூன்று நான்கு மாதங்களில் முடிந்துவிடும். தவறினால் அடுத்த பருவத்தில் வேறொன்று போடலாம். தேயிலை, நட்டுச் சில ஆண்டுகள் கழித்தே முழுப்பயன் தரும். பின்னர் அரை நூற்றாண்டு நிற்கும். காய்கறி வாடகை வீடு; தேயிலை கட்டிய வீடு. கட்டிய வீட்டின் முன்னே திடீரென்று சாலை மூடப்பட்டால்? 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்து விழுந்தது. பறிகூலிக்கே பணம் போதாமல் சிறு உழவர் வீதிக்கு வந்து போராடினர். மாஸ்கோவில் கொடி இறங்கியதற்கும் மலைச்சிற்றூரில் அடுப்பு அணைந்ததற்கும் தொடர்பு உண்டு என்பதைப் பாட்டி அறிந்திருக்கவில்லை. அறிந்திருக்க வேண்டிய அரசுகள் அறிந்திருந்தும் ஆயத்தமாக இல்லை.

கேரட்டின் காலம்

அடுத்து, தந்தை தேயிலையைப் பிடுங்கினார். கேத்தி, முத்தோரை, நஞ்சநாடு, இத்தலார் பகுதிகளில் இன்று கேரட்டும் பீட்ரூட்டும் கோசும் பூண்டும் விளைகின்றன. சுருள்கோசு, பச்சைப் பூக்கோசு போன்ற புது வகைகளும் நகர விடுதிகளுக்காக விளைகின்றன. கண்ணுக்குப் பலவண்ணம். ஆனால் அந்தப் பலவண்ணத்துக்குள் நுழைய எல்லாருக்கும் வாயில் திறந்திருக்கவில்லை.

முதலாவது, நீர். ஓடையோரத்துப் பள்ளத்தில் நிலமுள்ளவன் ஆண்டு முழுதும் மாற்றி மாற்றிப் பயிரிடுவான். மேட்டு நிலத்தான் மழையைப் பார்த்து நிற்பான். இரண்டாவது, முதல். ஒட்டுரக விதையும் உரமும் மருந்தும் கைக்காசு கேட்கின்றன. மூன்றாவது, நிலவுரிமை. ஓராண்டுக் குத்தகைக்கு எடுத்தவன் அந்த ஆண்டே முதலை மீட்கும் பயிரைத்தான் நாடுவான். மண்ணை ஆற்றும் பயிரை நாடான். நான்காவது, ஆள். களை எடுப்பதும் அறுவடையும் பெண்களின் கைவேலை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர் பலர் நீலமலையில் குடியேறினர். அவர்களுக்கு வேலை தர அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் அவர்களுள் பலரின் உழைப்பு காய்கறி நிலங்களிலும் கலந்திருக்கிறது. பட்டாவில் அவர்கள் பெயரும் இல்லை; பெரும்பாலான பெண்களின் பெயரும் இல்லை. பயிரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சில் அவர்கள் குரலும் இல்லை!

இவற்றோடு இயற்கையும் சேர்கிறது. மார்கழி, தை மாதங்களின் உறைபனி ஓர் இரவில் இலைகளைக் கருக்கும். காட்டெருமை வேலியைத் தாண்டி வந்து கேரட் பாத்தியை மேயும். சரிவின் போக்கிலேயே பாத்தி பிடித்தால் மழைநீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். 1978இலும் 2009இலும் பெருமழையில் மலை சரிந்ததை நீலமலை மறக்கவில்லை. இவ்வளவையும் தாண்டிக் கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து சேர்ந்தால், அதே நாள் கர்நாடகத்துக் கேரட்டும் வந்து குவிந்திருக்கும். விலை மண்ணைக் கவ்வும். பயிர் மாறியது, பகடை உருட்டுவோன் மாறவில்லை.

விடை

தோழர்களே! இந்த இருநூறு ஆண்டுகளில் மலையுழவன் ஒருமுறையேனும் மாறத் தயங்கினானா? கேழ்வரகை விட்டுக் கிழங்குக்கு மாறினான். கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறினான். தேயிலையை விட்டுக் கேரட்டுக்கு மாறினான். மாற்றத்துக்கு அஞ்சும் மடையன் என்று அவனைச் சொல்ல எவருக்கு வாய் வரும்? அவன் குறை மாறாதது அன்று. ஒவ்வொரு முறையும் விரட்டப்பட்டு மாறியதும், மாறும்போது முழுவதும் மாறியதுமே அவன் துயரம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைச் சோதிக்க நிலமும் பணமும் காலமும் இருப்பவனுக்குப் பல பயிர் கைகூடுகிறது. ஒன்றரை ஏக்கரும் ஒரு கடன்சீட்டும் உள்ளவனுக்கு அது சூதாட்டமாகிறது.

ஆகவே, “பல பயிர் இடு” என்று உபதேசிப்போர் முதலில் சில செய்து காட்டட்டும். விதைப்புக்கு முன்னே, விளைச்சலைக் கட்டிப்போடாத கடன் வேண்டும். பருவம் முடிந்தபின் வந்து சேரும் இழப்பீடு பாடைக்குப் பூ. விளைந்ததைச் சில நாள் காத்து வைக்கக் குளிர்க்கிடங்கு வேண்டும். சங்கத்தில் உழவன் குரல் வேண்டும். அக்குரலில் பெண்ணின் குரலும் வேண்டும். குத்தகையாளனுக்கு ஆண்டு சிலவற்றுக்கு உறுதி வேண்டும். வழி இல்லாமலில்லை. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உழவர் சந்தை தொடங்கப்பட்டபோது, விளைத்தவனே தராசைப் பிடித்தான். அங்கு ஒரே காயை மலைபோல் குவித்தவனைவிட ஐந்தாறு காய்களைக் கூடையில் கொணர்ந்தவனுக்கு விற்பனை எளிது. சந்தையின் அமைப்பு மாறினால் வயலின் அமைப்பும் மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அடுத்த வாரம் அம்மாணவனை அழைத்தேன். “என்ன போடுவது என்று எனக்குச் சொல்லத் தெரியாது, தம்பி. உன் பாட்டனாரும் உன் தந்தையும், எது நல்ல விலைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு விதைத்தார்கள். நீ இன்னொன்றையும் சேர்த்துக் கேள். அந்த விலை விழுந்தால் மாறிக்கொள்ள எனக்கு எது மிஞ்சியிருக்கும் என்று கேள். உனக்கு விடை கிடைக்காவிட்டால், சங்கத்தில் போய்க் கேள், அலுவலகத்தில் போய்க் கேள், வாக்குக் கேட்டு வருவோரிடம் கேள்” என்றேன்.

அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, “மேட்டில் கொஞ்சம் தேயிலை இன்னும் இருக்கிறது ஐயா. அதைப் பிடுங்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுகிறேன்” என்றான்.

வரலாறு படித்ததன் பயன் அதுவே.